கெண்டைக்கால்

ராவுஷான் வடக்கு தெற்கு சொல்வதில்லை.
"ரெண்டு தெரு மேலே, ஒரு மருந்துக்கடை வரும்,
அங்கிருந்து ஒரு தெரு கீழே."
மேலே என்றால் மலை இருக்கும் பக்கம்.
அல்மாட்டிக்கு மலை தெற்கே நிற்கிறது,
ஏப்ரல் கடைசியிலும் வெள்ளை கலையாமல்.

மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு என்று
யாரோ வேறொரு மலையைப் பார்த்துப்
பெயர் வைத்துவிட்டுப் போன மொழியோடு வந்திருக்கிறேன்.
அவள் "மேலே" என்றதும்
என் கழுத்து வலப்பக்கம் திரும்பும்.
சட்டைக்கையைப் பிடித்திழுத்து
மலைக்கு நேராக என்னை நிறுத்துவாள்.

வாரத்தில் ஐந்து நாள் நகராட்சியில் வாய்க்கால் வேலை.
சனி ஞாயிறு என் போன்றவர்களை நடத்திக்கொண்டு போகிறாள்.
எட்டாயிரம் தெங்கே, தேநீர் தனி.
ஊதா கான்வாஸ் ஷூவில்
இடது கட்டைவிரல் எட்டிப் பார்க்க ஓர் ஓட்டை.

மரத்தேவாலயத்தின் முன் நின்றாள்.
"ஆணியே இல்லாமல் கட்டியது என்று
எல்லா வழிகாட்டியும் சொல்லவேண்டும்.
நானும் சொல்லிவிட்டேன். நம்பாதே."
நடந்துவிட்டாள்.
தெருப்பெயர்ப் பலகைக்குக் கீழே:
"பழைய பெயர் சொன்னால் டாக்ஸி வரும்,
புதிய பெயர் எழுதினால்தான் கரண்ட் பில்."

நான் கட்டடங்களைப் பார்த்தேன்.
அவள் சாலையோர வாய்க்காலையே பார்த்து நடந்தாள்,
கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாதவனைத்
தேடுகிற மாதிரி.

சந்தையில் கொரியக்காரி லியூபா
காரட்டைச் சீவி மிளகாயில் பிசைந்து
ஒரு பிடி என் உள்ளங்கையில் வைத்தாள்.
எனக்கா காரம், என்று வாயில் போட்டேன்.
வினிகர் மூக்கில் ஏறியது.
கண்ணைத் துடைப்பதற்குள்
மூன்று கடைகளுக்குச் செய்தி போயிருந்தது:
இந்தியன் அழுகிறான்.
ராவுஷான் எனக்காக வருத்தப்படவில்லை.
சூரியகாந்தி விதை கால் கிலோ வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தால் மலை இல்லை.
மேகம் இறங்கி அடிவரை மூடியிருந்தது.
"இப்போது எது மேலே?" என்றேன்,
ஏதோ ஜெயித்தவனைப் போல.
பல்லில் கடித்த விதையின் தோலை
வாய்க்காலில் துப்பினாள்.
அது என் கால் வந்த வழியே மிதந்து போயிற்று.
"அதுக்கு எதிர்ப்பக்கம்."

இன்னொரு முனையில் தண்ணீர் தளும்பி
நடைபாதையில் ஏறியிருந்தது.
எங்கள் ஊர்வலம் நின்றது.
முழங்கை வரை சுருட்டிக்கொண்டு குப்புறப் படுத்தாள்.
எல்ம் இலைகள், கேஃபிர் புட்டி,
ஒற்றைக் குழந்தைச் செருப்பு.
கடைசியாக வந்தது என்னவென்று தெரியவில்லை,
பார்த்ததும் தூர எறிந்துவிட்டாள்.
தண்ணீர் ஒரு முறை விக்கிற்று, பிறகு போயிற்று.
"ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சம்பளம் கிடையாது"
என்று வாய்க்காலிடமே சொன்னாள்.

பெரிய சாலையைத் தாண்டி அழைத்துப் போகவில்லை.
"அந்தப் பக்கம் என்ன?"
"காற்று. நல்ல காற்று.
சதுர மீட்டர் கணக்கில் விற்கிறார்கள்.
என் தம்பி வாங்கியிருக்கிறான்."
விதைத்தோல் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது.
"நான் ரயில் பாதைக்குக் கீழே.
குளிர்காலம் முழுக்க நிலக்கரிப் புகை
எங்கள் தெருவில் வந்து தேங்கும்.
அதுக்கு மதகு கிடையாது."
தம்பி வீட்டுக்குப் போவதுண்டா என்று கேட்க
வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது.

படியில் ஏறியவள் திரும்பி,
"உன் ஹோட்டல் மேலே. மலை தெரியாவிட்டால்
கெண்டைக்காலைக் கேள்.
வலித்தால் சரியான வழி."

அரைமணி நேரமாக நடக்கிறேன்.
இருட்டிவிட்டது. இந்தப் பக்கத்து வாய்க்காலில்
தண்ணீர் விடவில்லை போலும், சத்தமே இல்லை.
விதை ஒன்றுகூட என்னிடம் கிடையாது.
தூரத்தில் ஒரு ரயில் கூவுகிறது,
கொஞ்சம் பக்கத்தில்தான்.
கெண்டைக்கால் வலிக்கவேயில்லை.